திக்குவாய்ச் சாட்சி

சுருளி வேலப்பர் துணை

சுருளிப்பட்டி,
2-7-1934

அன்புள்ள பக்கீர் மச்சானுக்கு மொக்கைச்சாமி எழுதிக்கொண்டது.

இதைக் கிழித்துப் போடத் தோன்றினால் படித்துவிட்டுக் கிழி. உனக்கு உரிமை உண்டு. ஆனால் படிக்காமல் கிழித்துவிடாதே.

உத்தமபாளையம் கோர்ட்டில் நான் கூண்டில் ஏறியபோது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். கையில் விலங்கோடு நின்றவன் எனக்குத் தைரியம் சொல்வதுபோலச் சிரித்தாய். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மாஜிஸ்திரேட் என் பெயரைக் கேட்டார். என் பெயருக்கு முதலில் இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். ஒட்டின உதடு பிரியவே இல்லை. "பேர் சொல்றதுக்கே இவ்வளவு யோசனையா?" என்றார். "அவன் திக்குவாயன் சாமி" என்று பின்னால் யாரோ சொல்ல, கோர்ட்டே சிரித்தது. கடைசியில் குமாஸ்தாதான் சம்மனைப் பார்த்து என் பெயரைப் படித்தார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. "சம்பவத்தன்று பொழுது சாயும்வரை எதிரி பக்கீர் முகம்மது உம்மோடுதான் இருந்தாரா?" ஆமாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். "ஆ" தொண்டையிலேயே நின்றுவிட்டது. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடத் தொடங்கியது. சொல் சிக்கும்போது என் தலை அப்படித்தான் ஆடும் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே வாத்தியார் என் காதைப் பிடித்து நிறுத்துவார். அவர்களுக்கு அது தெரியாதே! "இல்லை என்று தலையசைத்தார்" என்று எழுதிக்கொண்டு என்னை இறங்கச் சொல்லிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அப்போது நீ சிரிக்கவில்லை.

நான் சொல்ல வந்ததைக் காகிதத்திலாவது சொல்கிறேன். அன்றைக்குப் பள்ளத்தாக்கே வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தது. நீ புளிமூட்டை ஏற்றிக்கொண்டு சுருளிப் பக்கமிருந்து வந்தாய். எங்கள் காட்டோரத்து ஓடையில் வண்டி அச்சு முறிந்தது. உச்சிப் பொழுதிலிருந்து அடைகிற பொழுதுவரை நீயும் நானும் கிளை வெட்டி, செதுக்கி, அச்சு மாட்டினோம். வேறு ஒரு ஈ காக்கை அங்கே இல்லை. அதே நேரத்தில் கம்பத்துக்கு வெளியே தன் தோப்பில் ஒச்சாண்டி வெட்டுப்பட்டுச் செத்தார். தோப்புக் குத்தகைக்காக அவரோடு சந்தையில் சண்டை போட்டவன் நீ என்பதால் உன்னைப் பிடித்தார்கள். தோப்புக்குப் பக்கத்தில் உன் வண்டியைப் பார்த்ததாகக் கர்ணன் கூண்டில் ஏறிப் பொய்ச் சாட்சி சொன்னான். அதைப் பொய் என்று சொல்ல உலகத்தில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். அந்த ஒருவனுக்கு வாய் இல்லை.

நான் தலையை ஆட்டவில்லை மச்சான். நம்பு.

மொக்கைச்சாமி


786

மதுரை ஜெயில்,
13-7-1934

மொக்கைச்சாமிக்கு,

மாப்ளே என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தை வழக்கப்படி ஜெயிலர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "இவ்வளவு நல்லா எழுதறவன் கோர்ட்டில ஏன்யா பேசலை?" என்று கேட்டார். அவருக்குப் பதிலை நீயே வந்து சொல்லு.

வக்கீலிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். எழுத்தில் சாட்சி கொடுப்பது ஊமைக்குத்தான் செல்லும் என்கிறார். "உங்க ஆளுக்குப் பேச்சு இருக்கு. எழுதிக் கொடுத்தா, யாரோ சொல்லச் சொல்ல எழுதினதும்பாங்க" என்றார். கேஸ் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. தசரா கழித்து விசாரணை. அங்கே கொலை நிரூபணமானால் என்ன தண்டனை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மதீனா வந்திருந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு அவ்வளவு தூரம் வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒச்சாண்டி தம்பி கோட்டைச்சாமி உனக்கு ஒரு ஜோடி காளை ஓட்டிவிட்டதாக ஊரில் பேசுகிறார்களாம். நான் நம்பவில்லை என்று மதீனாவிடம் சொன்னேன். அவள் போன பிறகு நம்பினேன்.

எனக்கு இங்கே வேலை ஒன்றும் இல்லை. உன் தலை ஆடியதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

வா. வாயைத் திற. அது தவிர நீ எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

பக்கீர் முகம்மது


வண்டன்மேடு,
6-8-1934

பக்கீருக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். வேறு எதனால் பேசுவேன்?

நான் ஊரில் இல்லை. குமுளி வழியாக மலை ஏறி இங்கே ஒரு ஏலத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறேன். அந்த ஒரு ஜோடி காளையை எங்கள் தொழுவத்தில் வந்து தேடிப் பார்க்கச் சொல் உன் ஊர்க்காரர்களை. என் ஆத்தா மூக்கம்மாள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், "ஒம் மகன் வாய வித்துட்டானாமே, என்ன வெல போச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆத்தா குடத்தைப் போட்டுவிட்டு வந்து அழுதாள். நான் பதில் சொல்லக் கிளம்பினேன். கிணற்றடிவரை போனேன். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பின. வாயைத் திறந்தேன். அவ்வளவுதான். திரும்பி வந்து, அன்றைக்கே மலை ஏறிவிட்டேன்.

செஷன்ஸ் கோர்ட்டுக்கு நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொல்கிறேன். நான் வராவிட்டால் உனக்குச் சாட்சி இல்லை. அவ்வளவுதான் நஷ்டம். வந்தால் மறுபடியும் என் தலை ஆடும், மறுபடியும் எழுதிக்கொள்வார்கள், என் கையாலேயே உன் கழுத்தில் கயிற்றை மாட்டினதாகும். வேறு யாரையாவது தேடு. ஓடைப் பக்கம் ஆடு மேய்த்தவன் யாராவது தூரத்திலிருந்து பார்த்திருக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருஷமும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைக் கேட்டால் நீ எழுந்து பதில் சொன்னாய். கடைக்குப் போனால் எனக்கு வேண்டியதை நீ கேட்டு வாங்கினாய். என் அய்யா செத்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம்கூட நீதான் பேசினாய். என் அய்யா அவர்! எப்படிச் செத்தார் என்று ஒரு வார்த்தை நான் சொல்ல வாய் எடுப்பதற்குள் நீ சொல்லி முடித்திருந்தாய். ஊரெல்லாம் உன்னைப் புகழ்ந்தது. நானும் நன்றியோடுதான் இருந்தேன். இப்போது உனக்காக நான் பேச வேண்டும் என்கிறாய். எப்போது பழகினேன் நான்?

இங்கே தோட்டத்தின் ஓரத்தில் மலை சட்டென்று இறங்குகிறது. நின்று பார்த்தால் கீழே நம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஒரு அடி எடுத்து வைத்தால் இந்த வழக்கு எனக்கு முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. தோன்றினதும் பயந்து பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

மொக்கைச்சாமி


786

மதுரை ஜெயில்,
21-8-1934

மாப்ளே,

அந்தச் சரிவுப் பக்கம் போகாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்புறம் சண்டை போடலாம். நீ சரிவில் இறங்கினால் எனக்குச் சாட்சி போய்விடும் என்பதற்காகச் சொல்லவில்லை. அதற்காகவும்தான். ஆனால் அதற்காக மட்டும் இல்லை.

எனக்குப் பக்கத்துக் கொட்டடியில் ஒருவன் இருந்தான். திருமங்கலம் பக்கத்துக்காரன். போன வாரம் தீர்ப்பு கேட்டுவிட்டு வந்தான். சாப்பாட்டு வேளையில் தட்டை வைத்தார்கள். சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். வார்டர் வந்து தட்டை எடுக்கும்வரை ஒரு கவளமும் வாய்க்குப் போகவில்லை. "என்ன தீர்ப்பு?" என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. மறுநாள் அவனை வேறு கொட்டடிக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கும் பிசையத்தான் வருகிறது.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், உனக்காகப் பேசினேன். நீ நின்று திணறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வராது. அது குற்றமா? குற்றம் என்றால் அதையும் இந்தக் கேஸோடு சேர்த்துக்கொள்ளச் சொல். இரண்டு தடவையா தூக்கில் போடப்போகிறார்கள்?

கோபப்படாதே. கோபப்படும் வசதி எனக்கும் இல்லை உனக்கும் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். உன் மாட்டிடம் பேசும்போது உனக்குத் திக்குகிறதா? அன்றைக்கு அச்சு மாட்டும்போது உன் மயிலைக் காளை நகர மாட்டேன் என்று நின்றது. அதன் ஆத்தா வரைக்கும் இழுத்து ஒரு வசவு வைத்தாய் பார், ஒரு எழுத்து தட்டவில்லை! ஆகவே வாய் இருக்கிறது. மனசுதான் இல்லை என்கிறது. ஜட்ஜை ஒரு காளை என்று நினைத்துக்கொள். (ஜெயிலர் அய்யா மன்னிக்க வேண்டும்.) காலையில் எழுந்ததும் "இன்னைக்கு என்னால பேச முடியும்" என்று சொல்லிக்கொள். நம்பிக்கையோடு சொல்லு. நானும் இங்கே எழுந்ததும் "வீட்டுக்குப் போயிருவேன்" என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். பொய் என்று தெரிந்தும் சொன்னால், உச்சிவரைக்குமாவது அது தாங்குகிறது.

நீ என் சாட்சி. உன்னை விட்டால் ஆள் இல்லை. இறங்கி வா.

பக்கீர்


வண்டன்மேடு,
12-9-1934

மச்சானுக்கு,

நீ சொன்னபடி சொல்லிப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் ஏலச் செடிகளுக்கு நடுவே நின்று, "இன்னைக்கு என்னால பேச முடியும்" என்பேன். தடங்கல் இல்லாமல் வரும். முழுச் சாட்சியையும் சொல்வேன். ஓடை, அச்சு, புளிமூட்டை, பொழுது அடைந்தது எல்லாம் மழையாய்க் கொட்டும். பிறகு மனுஷ முகம் ஒன்று எதிரே வரும். போச்சு. காலையில் எவ்வளவு நம்பினேனோ அவ்வளவு ஆழத்தில் போய் விழுவேன். நாலு நாள் நம்பி, நாலு நாள் விழுந்து, அந்த வேலையையே விட்டுவிட்டேன். உன்மேல் ஆத்திரம் வந்தது. நம்பு நம்பு என்று சொல்வது நாக்கு உள்ளவனுக்கு எளிது.

ஆனால் வேறொன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்தத் தோட்டத்தில் என் பெயர் அழகர். சிரிக்காதே. வேலைக்குச் சேர்ந்த அன்று கங்காணி சுருளிவேல் பெயர் கேட்டார். என் பெயர் வராது என்று தெரியும். எது வருமோ அதைச் சொன்னேன். அன்று "அழகர்" வந்தது. இத்தனை நாளும் பிரட்டில், அதாவது காலையில் ஆள் எண்ணும்போது, அந்தப் பெயரைச் சொல்லித்தான் நின்றேன். இன்னொருவன் பெயரில் கூலி வாங்கி, இன்னொருவன் பெயரில் சோறு தின்றேன். ஒருநாள் பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி, "ஒன் ஊர்ல ஒன்ன அழகருன்னா கூப்பிடுவாக?" என்று சும்மா கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு மட்டும் தலை சரியாக ஆடியது மச்சான். அன்றைக்கு என்மேல் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு.

மறுநாள் பிரட்டில் கங்காணி "அழகர்!" என்றார். நான் ஆஜர் சொல்லவில்லை. "ஏலே, ஒன்னத்தான்!" என்றார். "எ...எம் பேரு அதில்லை" என்றேன். "பெறகு என்ன பேரு?" என்றார். உதடு ஒட்டிக்கொண்டது. தலை ஆடத் தொடங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஓட இனி எந்த மலை இருக்கிறது என்று நினைத்தேன். நின்றேன். சிரித்தார்கள், நின்றேன். அப்புறம் அது நடந்தது. அவர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். எவ்வளவு நேரம்தான் சிரிப்பார்கள்? சத்தம் அடங்கிவிட்டது. நான் அதே உதட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பெயர் வந்தது. உடைந்து, துண்டு துண்டாக, ஆனால் முழுசாக வந்தது. "மொக்கைச்சாமியா? சரி, போய்க் கூடையை எடு" என்றார் கங்காணி. வேறு ஒன்றும் ஆகவில்லை!

என் திக்கு போகவில்லை. போகாது. அதைப் போக்கிவிட்டுத்தான் கூண்டில் ஏற வேண்டும் என்று நினைத்ததுதான் தப்பு. திக்கிக்கொண்டே சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் தசராவுக்கு முன்னால் இறங்கிவிடுகிறேன்.

மொக்கைச்சாமி


786

மதுரை ஜெயில்,
24-9-1934

மாப்ளே,

இறங்க வேண்டாம்.

வக்கீல் வந்திருந்தார். உன்னைச் சாட்சிப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம் என்கிறார். கீழ்க்கோர்ட்டில் நீ இல்லை என்று தலையாட்டியதாகப் பதிவாகிவிட்டது. இப்போது ஆமாம் என்று சொன்னால், அப்போது பொய்யா இப்போது பொய்யா என்று சர்க்கார் வக்கீல் கேட்பார். நீ திணறுவாய். திணறுவது திருட்டு முழி முழிப்பதுபோல இருக்கும். சாட்சியே இல்லாமல் இருப்பது அதைவிட மேல் என்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கங்காணி கூடையை எடு என்பார். ஜட்ஜ் அப்படிச் சொல்ல மாட்டார்.

எனக்குக் காய்ச்சல். சாயங்காலமானால் உடம்பு தீயாய்க் கொதிக்கிறது. மருந்து கொடுக்கிறார்கள். காலையில் எழுந்ததும் சொல்லிக்கொள்வேன் என்று எழுதினேனே, அதை நிறுத்திவிட்டேன். மதீனாவை இனி இங்கே வர வேண்டாம் என்று அவள் தம்பி நத்தர்ஷாவிடம் சொல்லி அனுப்பினேன். நிறைமாதம் நெருங்குகிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் அவள் பார்க்கும்படி என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

பிள்ளை பிறந்தால் போய்ப் பார். காளை விஷயத்தை நான் நம்பியதாக எழுதியது மனசில் கிடக்கும். கிடக்க வேண்டாம்.

நீ அங்கேயே இரு. உன்னால் முடிந்ததைச் செய்தாய்.

பக்கீர்


மதுரை, சத்திரத்திலிருந்து
3-10-1934

மச்சானுக்கு,

மறுபடியும் எனக்காக நீயே பேசிவிட்டாய். "சரி" என்று வக்கீலிடம் சொல்ல நீ யார்? என்னைக் கேட்டாயா? என் சாட்சியை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கு இருக்கலாம். ஆனால் என்னால் முடியாது என்று சொல்லும் உரிமை உனக்கு இல்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றே மலை இறங்கினேன். ஆத்தாவைப் பார்த்துவிட்டுத் தேனி வந்து ரயிலேறினேன். நேற்று வக்கீல் வீட்டுக்குப் போனேன். குமாஸ்தா, "என்ன விஷயம்?" என்றார். "வ...வக்கீல்கிட்டதான் சொல்லணும்" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் என்னை உள்ளே அனுப்பிவிட்டார். அலுப்புத் தாங்காமல்தான் அனுப்பினார். இருக்கட்டும்.

வக்கீல் சாப்பாட்டுக்கு எழுந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது. "நீர் வர வேண்டாம்னு சொல்லி அனுப்பினேனே" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன். வீரபாண்டித் திருவிழாவிலிருந்து தொடங்கினேன். அவர் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார். என்னைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இடையில் ஒரு இடத்தில் சொல் வராமல் நான் நின்றபோது, "அச்சு முறிஞ்சுதா?" என்று எடுத்துக் கொடுத்தார். அது சரியான சொல்தான். ஆனாலும் நான் தலையை அசைத்துவிட்டு, நானே "அ...அச்சு முறிஞ்சுது" என்று சொன்னேன். பிறகு அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாதம் ஆறியிருக்கும். வேர்வையில் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பொழுது அடைந்தது, நீ வண்டியை ஓட்டிக்கொண்டு போனாய் என்பதுவரை சொல்லி நிறுத்தினேன்.

வக்கீல் ஜன்னலை விட்டு வந்தார். "ஐயா, நீர் சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியுது. ஆனா ஜட்ஜ் இவ்வளவு நேரம் காத்திருப்பாரா?" என்றார்.

"நீ...நீங்க காத்திருந்தீகல்ல" என்றேன்.

அவர் என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தார். உன் சம்மதம் இருந்தால் என்னை மறுபடி சேர்ப்பதாகச் சொன்னார். நாளை உன்னைப் பார்க்க வருவார். நீ வேண்டாம் என்று சொன்னால் அதோடு முடிந்தது.

சொல்லாதே.

என்னால் முடியும் என்று உனக்கு உறுதி சொல்ல முடியவில்லை. வக்கீல் வீட்டுத் தாழ்வாரம் வேறு, அந்தக் கூண்டு வேறு. சத்திரத்தில் படுத்தால் உன் கொட்டடிக்காரன் பிசைந்த சோறுதான் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் ஏறுகிறேன்.

மொக்கைச்சாமி


786

மதுரை ஜெயில்,
27-10-1934

மாப்ளே,

நீ இன்னும் சத்திரத்தில்தான் இருக்கிறாய் என்று வக்கீல் குமாஸ்தா சொன்னார். புதன்கிழமை தீர்ப்பு. அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். பின்னால் எப்படி இருப்பேனோ தெரியாது.

நீ கூண்டில் நின்றதை நீ பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன்.

கர்ணன் உனக்கு முந்தின நாள் வந்து, தண்ணீர் ஓடுவது மாதிரிப் பேசினான். என் வண்டியை, என் மாட்டை, என் தலைப்பாகையைக்கூடத் தோப்போரத்தில் பார்த்ததாகச் சொன்னான். எனக்கே, அங்கே போயிருந்தேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு சரளம். மறுநாள் நீ ஏறினாய். பெயர் கேட்டார்கள். உன் உதடு ஒட்டியது. சிரிப்பு கிளம்பியது. உத்தமபாளையம் திரும்பி வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோதும் நீ நின்றுகொண்டிருந்தாய். சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது. பெயர் வந்தது.

ஒவ்வொரு சொல்லுக்கும் நீ பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை. என் பாட்டைச் சொல்கிறேன். "ஓடை" என்று நீ திணறினாய், அந்தச் சொல் என் வாய்க்கு வந்துவிட்டது. கத்திவிடுவேன் போலிருந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்து அதை விழுங்கினேன். நீ சொன்னாய். "புளி", விழுங்கினேன். நீ சொன்னாய். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் செய்யாத வேலை அது. இந்த ஜெயிலில் கிடந்ததைவிட அந்த ஒரு பகல் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு சர்க்கார் வக்கீல் எழுந்தார். "உத்தமபாளையம் கோர்ட்டில் இல்லை என்று தலையை ஆட்டினீரா, இல்லையா?" என்று கேட்டார். நீ சொன்னாய்:

"நா...நான் ஆட்டலைங்க. அது ஆ...ஆ...ஆடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உமக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். முன்பே எழுதிக்கொண்டதுதான். மறுபடி கேட்டார். நீ "சு...சு..." என்று தொடங்கினாய், உன் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஊர்ப் பெயர் வந்த பிறகுதான் நின்றது. "தாயார் பெயர்?" என்றார். அதற்கும் ஆடியது. ஜட்ஜ் சர்க்கார் வக்கீலைப் பார்த்து, "சொந்த ஊரையும் பெற்ற தாயையும் இவர் இல்லை என்று சொல்கிறாரா?" என்று கேட்டார். பிறகு குனிந்து வெகுநேரம் எழுதினார்.

உன்னைத் திக்காமல் பேச வை என்று நான் அல்லாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அன்றைக்குத் திக்காமல் பேசியிருந்தால் அவர் அதை எழுதியிருக்க முடியாது.

இருந்தாலும் பயம் போகவில்லை. சந்தையில் நான் "உன்னைத் தீர்த்திருவேன்" என்று கத்தியதைக் கேட்டவர்கள் பத்துப் பேர் வந்து சொன்னார்கள். அது பொய் இல்லை, கத்தினேன். ஜட்ஜ் எதை எடைபோடுவார் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. எழுத்து கோணுகிறது.

புதன்கிழமை எப்படி ஆனாலும், உன் பேச்சு முழுவதையும் ஒருநாள் நான் கேட்டேன். இடையில் வாய் திறக்கவில்லை.

பக்கீர்


சுருளி வேலப்பர் துணை

கம்பம்,
2-11-1934

அன்புள்ள பக்கீர் மச்சானுக்கு,

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு படிப்பாய் என்று நினைக்கிறேன். யாராவது படித்துக் காட்டினாலும் சரிதான். நத்தர்ஷாவை உன்னிடம் அனுப்பிவிட்டு எழுதுகிறேன்.

"எதிரியை விடுதலை செய்கிறேன்" என்று ஜட்ஜ் சொன்னதும் நீ கூண்டிலேயே சரிந்தாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்காது. விலங்கைக் கழற்றும்போது உன் கை அனலாய்ச் சுட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்குப் பயமில்லை, ஜெயில் காய்ச்சல்தான், ரொம்ப நாள் படுக்க வேண்டும் என்றார் டாக்டர். நீ கண்ணைத் திறந்து "மதீனா" என்று மட்டும் சொன்னாய்.

குமாஸ்தா தந்தி கொடுக்கிறேன் என்றார். நான் தடுத்துவிட்டேன். நிறைமாதக்காரி, தந்திக்காரனை வாசலில் கண்டாலே விழுந்துவிடுவாள். நானே போகிறேன் என்று காலை ரயிலைப் பிடித்தேன். தேனியில் இறங்கி பஸ் ஏறியபோதுதான் உறைத்தது. நான் தனியாகப் போகிறேன். நீ இல்லாமல் போகிறேன். என்னைத் தனியாகப் பார்த்தால் அவள் என்ன நினைப்பாள்?

நினைத்தபடியேதான் ஆனது. தெருமுனையில் நான் திரும்பியதும் அவள் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடினேன். ஓடிப் போய் அவள் முன்னால் நின்று வாயைத் திறந்தேன். மேல்பல் கீழுதட்டில் போய்ப் பதிந்தது. "வி..." அவ்வளவுதான். சொல்ல வேண்டிய சொல் நெஞ்சு நிறைய இருக்கிறது, வெளியே "வி" மட்டும் நிற்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். நத்தர்ஷா உள்ளேயிருந்து ஓடிவந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"விதிச்சுட்டாகளாண்ணே? தூக்கு விதிச்சுட்டாகளா?" என்று அலறினான். பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

நான் செத்திருப்பேன் மச்சான். எல்லார் சத்தமும் சேர்ந்து அந்தச் சொல்லைத் திரும்ப உள்ளே தள்ளியது. மதீனாதான் கையை உயர்த்தினாள்.

"நத்தரு, நீ சும்மா இரு. எல்லாரும் சும்மா இருங்க. அண்ணே சொல்லட்டும்" என்றாள். என் பக்கம் திரும்பி, "நிதானமாச் சொல்லுங்கண்ணே. நான் இங்கனதான் நிக்கிறேன்" என்றாள்.

தெருவே வாயை மூடியது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சொல் வர எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. "வி...வி...விடுதலை" என்றேன். பிறகு, உனக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், உயிரோடு இருக்கிறாய் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவள் அழவில்லை. நிலையில் சாய்ந்து மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

என் ஆயுசில் ஒரு சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி என்னை யாரும் கேட்டதில்லை. நானும் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை. சொன்னேன்.

மொக்கைச்சாமி